கால் தேறும் காலம்: பாம்பன் நாட்குறிப்பு

ஏப்ரல் 19

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. 61 நாளும் ஊரே கரையில்தான். தை மாதம் படகில் வலை இழுக்கும் வின்ச் ரோப்பில் சிக்கி வலது கால் முறிந்ததிலிருந்து, நான் ஒருவன்தான் வீட்டில் முடங்கிக் கிடக்கிறேன் என்ற நினைப்பு அரித்துக்கொண்டே இருந்தது. இந்த வாரம் அது கொஞ்சம் தணிந்திருக்கிறது.

முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே ராடு வைத்திருக்கிறார்கள். எலும்பு கூடி வருகிறது என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். ஆனால் கணுக்கால் மடங்க மறுக்கிறது, தொடைச் சதை சூம்பிவிட்டது.

நம் கரையில் இப்படிப் படுத்திருப்பவர்கள் நிறையப் பேர். பனையிலிருந்து விழுந்தவர்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில் அடிபட்டவர்கள், என்னைப் போல் படகில் அடிபட்டவர்கள். ஆபரேஷன் முடியும்வரை ஊரே கூட நிற்கும். அப்புறம் வரும் மாதங்கள்தான் பெரிய பாடு. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

ஏப்ரல் 28

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி பார்க்கும் பெண் வீட்டுக்கே வந்தார். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, அதை அழுத்தித் தொடையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பாதத்தை மேலும் கீழும் அசைக்க வேண்டும். குதிகாலைப் பாயில் இழுத்து முழங்காலை மடக்க வேண்டும். அவ்வளவுதான்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே, அதுதான் ஆளைச் சோர்த்துவிடுகிறது. அவரிடமே சொன்னேன். "செய்யாம விட்டுப் பாருங்க, வித்தியாசம் தெரியும் அண்ணே" என்றார். பீடி குடித்தால் எலும்பு கூடுவது தாமதமாகும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார். பீடிக்கட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

மே 6

பிரண்டைத் துவையல், ஆட்டுக்கால் சூப், நண்டு ரசம் என்று பார்க்க வருபவர்கள் ஆளுக்கொன்று கொண்டுவருகிறார்கள். எல்லாம் பாசம்தான். ஆனால் "பாவம், எப்படி ஓடியாடித் திரிஞ்ச பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனால், அன்றைக்குச் சாயங்காலம் துண்டைச் சுருட்டக் கை வருவதில்லை.

இன்று சித்தப்பா வந்தார். காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிழிந்த வலையைத் திண்ணையில் போட்டு, "இதைப் பாருடா, தடை முடியறதுக்குள்ள வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடிபட்ட பிறகு என்னை நம்பி ஒருவர் கொடுத்த முதல் வேலை.

மே 7

வலை பழுது பார்ப்பதில் பாதி வேலை காலுக்குத்தான். கிழிந்த ஓரத்தைக் கத்தியால் நறுக்கிச் சீராக்கி, நல்ல கண்ணியைப் பெருவிரலில் மாட்டி, காலை நீட்டி வலையை விறைப்பாகப் பிடித்தால்தான் ஊசி ஓடும், முடிச்சும் ஒரே அளவில் விழும்.

முதலில் இடது காலில்தான் மாட்டினேன். அப்புறம் ஒரு யோசனை வந்து வலது பெருவிரலுக்கு மாற்றினேன். முடிச்சை இறுக்கும்போதெல்லாம் நூல் விரலை என் பக்கம் இழுக்கிறது. வலை தொய்யாமல் இருக்கப் பாதத்தை முன்னால் அழுத்தியே பிடிக்க வேண்டும். பாயில் படுத்து நான் செய்யும் அதே அசைவு! கண்ணி நழுவ நழுவ மாட்டினேன். கால் நடுங்கியது. ஆனாலும் எழுந்திருக்க மனசு வரவில்லை. பொழுது சாயும்போது கிழிசலில் ஒரு முழம் அடைபட்டிருந்தது. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது.

மே 23

தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வந்தது. மளிகைக் கடன் பாதி தீர்ந்தது.

வாக்கரை விட்டுக் கம்புக்கு மாறிவிட்டேன். கம்பை அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நிறையப் பேர் அடிபட்ட பக்கமே பிடித்துச் சாய்ந்து நடக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

ஜூன் 16

நான் பயந்துகொண்டிருந்த நாள் இதுதான். ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பி, டோக்கன் வாங்கிப் படகுகள் கிளம்பிவிட்டன. காலையிலிருந்து இன்ஜின் சத்தம். என் இடத்தில் வேறொரு தம்பி போகிறான். அழுதேன். பயிற்சி எதுவும் செய்யவில்லை.

மத்தியானம் சோறு வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ கட்டின வலைதானய்யா போயிருக்கு" என்றார். சாயங்காலம் எழுந்து எல்லாப் பயிற்சியையும் ஒரு சுற்றாவது முடித்தேன்.

ஜூன் 18

வலை திரும்பி வந்தது. பாறையில் உரசி வேறு இடத்தில் கிழிந்திருக்கிறது. நான் பின்னிய இடம் அப்படியே நிற்கிறது. சித்தப்பா மறுபடியும் திண்ணையில் போட்டுவிட்டுப் போனார்.

ஜூலை 5

கம்போடு சாலைப் பாலத்தில் ஏறினேன். 1988-ல் திறந்த பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். முழுதும் நடக்க இன்னும் காலம் ஆகும். ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை, அதுதான் கணக்கு. கச்சான் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது. பக்கத்துப் பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். அந்த அளவு இன்று இல்லை, ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் கணுக்கால் தானாகத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. படகு ஆடும்போது நிற்க எனக்கு வேண்டியது அதுதான்.

ஜூலை 14

உச்சிப்புளிப் பக்கம் மச்சினன் பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி. கால் சரியாக வரவில்லை. பயிற்சி எதுவும் செய்யமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.

மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கும் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்து ராமகிருஷ்ணன் பற்றிச் சொன்னேன். 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், 1981-ல் அந்த அமைப்பைத் தொடங்கினார். மச்சினன் கேட்டுக்கொண்டான், திரும்பவில்லை. பெரியவர்கள் கதை அந்த நேரத்தில் எட்டாது, எனக்கும் எட்டியதில்லை.

அவன் கைகள் நன்றாக இருக்கின்றன, ஓலை முடைவதில் கெட்டிக்காரன். எங்கள் தெருவில் கருவாடு கட்டப் பெட்டி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பத்துப் பெட்டிக்கு முன்பணம் வாங்கி அவன் அம்மாவிடம் கொடுத்தேன். சனிக்கிழமைக்குள் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.