கேஷ் கொடுத்த பழைய கோப்பும் கூலிமுக்கு ஒரு வீண் பயணமும்

தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலை, பினாங்கில் வெள்ளி ரதம் புறப்பட்டுவிட்ட நேரத்தில், அம்மாவுடன் தண்ணீர்ப் பந்தலுக்குப் போக வேண்டிய நான், 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலத்தைக் கடந்து கூலிமுக்குக் காரோட்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு தொழிற்சாலையில் நிறுவியிருந்த எங்கள் சில்லுப் பரிசோதனை இயந்திரத்தின் திரையில், நிராகரித்த சில்லுகளின் எண்ணிக்கை வர வேண்டிய கட்டத்தில், இயந்திரம் ஓடினாலும் நின்றாலும் 250 என்ற எண்ணே அசையாமல் இருந்தது. அன்று முழுவதும் கேபிளை மாற்றினேன், சென்சாரை மாற்றினேன், உள்ளீட்டு அட்டையையும் கழற்றி மாட்டினேன். அங்கே முப்பது ஆண்டுகளாக வேலை செய்கிற டெக்னீஷியன் அண்ணன் ஒருவர் மாலையில் தே தாரிக் வாங்கிக் கொடுத்துவிட்டு, "தம்பி, போன வாரம் நீங்க புதுப் பதிப்பு ஏத்தின பெறகுதான் இப்படி நிக்குது. கேபிள மாத்தி ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஆனால் கோளாறு எங்கள் நிரலில் இல்லை என்பதையும், பாயான் லெப்பாசில் நிரலைக் கம்பைல் செய்து பதிப்பாக்கும் எங்கள் பில்ட் சர்வரிலிருந்த கம்பைலர் கேஷ்தான் (முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்து வைத்து மறுபடி எடுத்துக் கொடுப்பது) காரணம் என்பதையும் நிரூபிக்க எனக்கு மேலும் மூன்று வாரம் ஆயிற்று.

சிகேஷ் என்ற அந்தக் கேஷ் கருவியையும், ஜிசிசி கம்பைலரின் முன்தொகுத்த ஹெட்டரையும் (பல கோப்புகளுக்குப் பொதுவான அறிவிப்புகளை முன்கூட்டியே கம்பைல் செய்து வைப்பது; சுருக்கமாகப் பிசிஎச்) சேர்த்துப் பயன்படுத்துகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அமைப்பதில் சிரமம் ஏதும் இல்லை. ஆவணத்தில் உள்ளபடி செய்தால் அரை நாளில் முடிந்துவிடும். அரை நாளில் அமைத்துவிட்டு நான்கு ஆண்டுகள் யாரும் திரும்பிப் பார்க்காததுதான் எங்கள் இடத்தில் நடந்த தவறு.

எங்கள் மூலக் கோப்புகள் எல்லாவற்றிலும் முதல் வரியே பிசிஎச் ஹெட்டரைச் சேர்க்கும் இன்க்ளூட் வரிதான். இப்படிப்பட்ட பழைய நிரல்தொகுப்புக்கு எஃப்பிசிஎச் பிரீபிராசஸ் என்னும் கம்பைலர் விருப்பத்தைக் கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுத்தால் பிரீபிராசசர் அந்த ஹெட்டரை விரித்து எழுதாமல், எந்த ஜிசிஎச் கோப்பை (ஹெட்டரின் முன்தொகுத்த வடிவத்தை) பயன்படுத்த வேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்லும் ஒரே ஒரு பிராக்மா வரியை விட்டுச் செல்கிறது. சிகேஷ் அந்த வரியைக் கண்டுகொண்டு, ஜிசிஎச் கோப்பின் உள்ளடக்கத்தையும் ஹேஷில் சேர்த்துக்கொள்கிறது. ஹேஷ் என்பது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற ஓர் அடையாளம்; அது முன்பு போலவே இருந்தால் சிகேஷ் பழைய விடையை எடுத்துக் கொடுக்கும். இங்கே ஒன்றை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிசிஎச் ஹெட்டருக்குள் அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கும் மற்ற ஹெட்டர்கள் எதுவும் இந்த வழியில் சிகேஷின் கண்ணுக்கு நேரடியாகப் படுவதில்லை. அவற்றில் ஒன்று மாறினால், ஜிசிஎச் கோப்பு மாறியிருப்பதை வைத்துத்தான் சிகேஷ் அதை அறிய முடியும்.

அந்த ஒரே வழியையும் எங்கள் அமைப்பு அடைத்து வைத்திருந்தது. ஜிசிஎச் கோப்பு நூறு மெகாபைட்டுக்கு மேல் போகக்கூடியது. ஒவ்வொரு மூலக் கோப்புக்கும் அதை முழுவதுமாகப் படித்து ஹேஷ் போடுவது வீண் செலவு என்று கருதுகிறவர்களுக்காகச் சிகேஷில் ஒரு விருப்பம் உண்டு. அதை இயக்கினால், ஜிசிஎச் கோப்பின் பக்கத்திலேயே அதே பெயரோடு சம் என்ற பின்னொட்டுள்ள சிறு கோப்பு இருக்கிறதா என்று சிகேஷ் பார்க்கும். இருந்தால் பெரிய கோப்பை விட்டுவிட்டு அந்தச் சிறு கோப்பைத்தான் ஹேஷ் செய்யும். அந்தச் சிறு கோப்பில் என்ன எழுதுவது என்பது முழுக்க நம் பொறுப்பு. எங்களிடம் முன்பு பணியாற்றிய ஒருவர் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட், பிசிஎச் ஹெட்டர் கோப்பு ஒன்றை மட்டும் எம்டி5 முறையில் ஹேஷ் செய்து அதில் எழுதி வந்தது. அதற்குள் சேரும் ஹெட்டர்களை அது தொடவே இல்லை.

அவர் எழுதிய நாளில் இது ஓரளவுக்குச் சரியாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது அந்த ஹெட்டருக்குள் சி பிளஸ் பிளஸ் தர நூலகமும் இரண்டு வெளி நூலகங்களும் மட்டுமே இருந்தன. அவை ஆண்டுக்கு ஒரு முறை மாறினால் அதிகம். பிறகு யாரோ, எல்லாக் கோப்பிலும் தேவைப்படுகிறது என்ற காரணத்துக்காக, இயந்திர நிலையை வைத்திருக்கும் எங்கள் சொந்த ஹெட்டரையும் அதற்குள் போட்டுவிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு முறை மாறுகிற ஹெட்டர் அது. பிசிஎச்சில் அடிக்கடி மாறும் சொந்த ஹெட்டரைப் போடாதீர்கள் என்று பலரும் சொல்வது பில்ட் வேகத்துக்காக. எங்களுக்கு அது சரியான விடை கிடைப்பதையே பாதித்தது.

இனி அந்த 250 எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். இயந்திர நிலையின் மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் ஸ்ட்ரக்டில், நிராகரிப்பு எண்ணிக்கைக்கு முன்னால், கேமராவைத் தூண்டும் தாமதத்தை மைக்ரோவினாடியில் வைக்கும் புதிய உறுப்பு ஒன்றைச் சேர்த்திருந்தோம். அதன் தொடக்க மதிப்பு 250. கட்டுப்பாட்டுக் கோப்பு அந்த உறுப்பைப் பயன்படுத்துவதால் அதுவும் திருத்தப்பட்டு, புதிதாகக் கம்பைல் ஆனது. திரைக்கான கோப்பில் ஒரு எழுத்தும் மாறவில்லை, கம்பைலருக்குக் கொடுக்கும் கொடிகளும் (விருப்பங்களும்) மாறவில்லை, சம் கோப்பும் மாறவில்லை. எனவே சிகேஷ், போன மாதம் கம்பைல் செய்து கிடைத்த ஆப்ஜெக்ட் கோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டது. ஸ்ட்ரக்டின் பழைய அமைப்பை நம்பிய திரை, பழைய இடத்தில் படித்தது. அந்த இடத்தில் இப்போது தாமதம் உட்கார்ந்திருந்தது. ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் எந்த எச்சரிக்கையும் தரவில்லை, தருவதற்கு அதனிடம் காரணமும் இல்லை.

இதில் என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. டிசம்பரிலேயே எங்கள் ஆய்வுமேசையில் இதே வகைக் கோளாறு ஒன்று வந்தது. வெப்பநிலைக் கட்டத்தில் பொருந்தாத எண் தெரிந்தது. அப்போது சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர் கேஷ் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி பில்ட் செய்தார், கோளாறு மறைந்தது, மீண்டும் உருவாக்க முடியவில்லை என்று குறிப்பெழுதிக் கோரிக்கையை மூடிவிட்டார். கூலிமிலிருந்து திரும்பி வந்து நான் புதிய கோரிக்கை போட்டபோதும் ஒரே வரியில் அதே பதில்தான் வந்தது: கேஷை அழித்துவிட்டு முயலவும். இந்த முறை நான் மறுத்தேன். கேஷ் அடைவை அப்படியே ஒரு பிரதி எடுத்துத் தாருங்கள், அதுவரை யாரும் அதைத் தொட வேண்டாம் என்று கேட்டேன். அதற்கு இரண்டு நாள், நான்கு மின்னஞ்சல், மேலாளரின் ஒப்புதல் என்று போயிற்று. உங்களுக்கு இப்படி ஏதாவது நேர்ந்தால் முதல் வேலையாக அந்தப் பிரதியை எடுத்துவிடுங்கள். கேஷை அழிப்பது தடயத்தை அழிப்பதுதான்.

பிரதி கையில் கிடைத்த பிறகு வேலை விரைவாக நடந்தது. கேஷை முடக்கி பில்ட் செய்தால் எண்ணிக்கை சரியாக வந்தது, கேஷோடு செய்தால் 250 வந்தது. அடுத்து, சிகேஷின் டிபக் மாறியை 1 என்று வைத்துத் திரைக்கான கோப்பை மட்டும் கம்பைல் செய்தேன். ஹேஷுக்குள் என்னென்ன போனது என்பதை அது ஆப்ஜெக்ட் கோப்பின் பக்கத்திலேயே ஓர் உரைக் கோப்பாக எழுதி வைக்கும். ஹெட்டரைத் திருத்துவதற்கு முன்பும் பின்பும் எடுத்த இரண்டு உரைக் கோப்புகளை டிஃப் போட்டேன். வேறுபாடு ஒன்றுமே இல்லை. வெறுமையாக இருந்த அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே, இரவு ஒன்பது மணிக்கு, பக்கத்து மேசைத் தோழியைத் தொலைபேசியில் அழைத்து, "கிடைத்துவிட்டது, சம் கோப்புதான்" என்று சொன்னேன்.

சரிசெய்வதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஜிசிசி தரும் சார்புப் பட்டியலை வைத்து, உள்ளே சேரும் எல்லா ஹெட்டர்களையும், கம்பைலர் பதிப்பையும், கொடிகளையும் சேர்த்துச் சம் கோப்பை எழுதலாம். அல்லது அந்த விருப்பத்தையே எடுத்துவிடலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். நாமே எழுதும் பட்டியலில் ஒன்று விட்டுப்போனால் மறுபடியும் இதே கதைதான். ஜிசிஎச் கோப்பையே ஹேஷ் செய்தால் விட்டுப்போக எதுவும் இல்லை. வேகம் குறையும் என்று பயந்தவர்களுக்காக அளந்தும் பார்த்தேன், முழு பில்டில் அது ஒரு பொருட்டாகவே இல்லை. இயந்திர நிலை ஹெட்டரையும் பிசிஎச்சிலிருந்து வெளியே எடுத்தோம்.

இத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை, எல்லாமே மிஸ்; கேஷிலிருந்து எதுவுமே கிடைக்கவில்லை. புள்ளிவிவரத்தில், முன்தொகுத்த ஹெட்டரைப் பயன்படுத்த முடியவில்லை என்ற எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. பிசிஎச்சுக்கு, எந்தச் சரிபார்ப்புகளைத் தளர்த்தலாம் என்று சிகேஷுக்குச் சொல்லும் ஸ்லாப்பினெஸ் அமைப்பில் பிசிஎச் டிஃபைன்ஸ், டைம் மேக்ரோஸ் என்ற இரண்டு மதிப்புகளும் கட்டாயம். எங்கள் அமைப்புக் கோப்பில் இரண்டும் இருந்தன, நான் நான்கு முறை பார்த்தேன். கடைசியில், அமைப்பை அச்சிடும் கட்டளையைச் சர்வரிலேயே ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு அமைப்புக்கும் அது எங்கிருந்து வந்தது என்பதையும் அந்தக் கட்டளை காட்டும். ஸ்லாப்பினெஸுக்கு நேரே சூழல் மாறி என்று இருந்தது. முந்தின நாள் என் மாற்றங்களை ஏற்றியபோது, சர்வர் பக்கத்தில் யாரோ அதே பெயரில் ஒரு சூழல் மாறியை வேறு ஒரு மதிப்போடு சேர்த்திருந்தார்கள். சூழல் மாறி கோப்பிலுள்ளதோடு சேர்ந்துகொள்ளாது, அதை நீக்கிவிட்டுத் தான் உட்காரும். ஒன்றரை நாள் இதில் போயிற்று. அமைப்புக் கோப்பைப் படித்து நம்பாதீர்கள். பில்ட் நடக்கும் அதே இடத்தில் அச்சிட்டுப் பாருங்கள்.

டைம் மேக்ரோஸ் மதிப்பைக் கொடுத்தவுடன் இன்னொன்று நேரும். தேதியையும் நேரத்தையும் தரும் மேக்ரோக்களைப் பயன்படுத்தும் கோப்பு கேஷிலிருந்து வந்தால் பழைய தேதியையே காட்டும். எங்கள் பதிப்புத் திரையில் அப்படி ஒரு தேதி இருக்கிறது. அந்த ஒரு கோப்பின் தொடக்கத்தில், சிகேஷை முடக்கச் சொல்லும் குறிப்பை ஒரு கமெண்டாக எழுதிவிட்டோம். கோப்பின் முதல் 4096 பைட்டுகளுக்குள் அது இருக்க வேண்டும். ஜிசிசிக்குப் பதில் கிளாங் கம்பைலரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வேறு ஒரு நிபந்தனையும் உண்டு: பிசிஎச்சுக்குள் நேரமுத்திரை பதியாமல் இருக்க நோ பிசிஎச் டைம்ஸ்டாம்ப் விருப்பத்தைக் கொடுக்க வேண்டும்.

கடைசியாகச் சோதனை. சிகேஷ் திட்டமே தன் பிசிஎச் சோதனைகளை பேஷ் ஸ்கிரிப்டாக வைத்திருக்கிறது. அந்த முறையைப் பின்பற்றி எங்களுக்கு ஒன்று எழுதினேன். உள் ஹெட்டரை மாற்று, ஜிசிஎச்சை மறுபடி உருவாக்கு, கம்பைல் செய், நேரடி ஹிட் (பிரீபிராசசரை ஓட்டாமலே கேஷிலிருந்து கிடைத்த விடை) எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். முதல் ஓட்டத்திலேயே பச்சை, அதாவது தேர்ச்சி. ஆனால் பழைய சம் கோப்பு ஸ்கிரிப்டைத் திரும்பப் போட்டு ஓட்டினேன், அப்போதும் பச்சை! அந்தச் சோதனை எதையும் சோதிக்கவே இல்லை. காரணம், சோதனை உருவாக்கிய கோப்புகள் அந்த நொடியில் பிறந்தவை; கம்பைல் தொடங்கிய நேரத்துக்கு நிகரான புதிய ஹெட்டரைக் கண்டால், இடையில் மாறியிருக்கலாம் என்ற எச்சரிக்கையில் சிகேஷ் நேரடி வழியைக் கைவிட்டுவிடும். என் பூஜ்யம் அதனால் வந்த பூஜ்யம்.

எனவே சோதனையைத் திரும்ப எழுதினேன். கோப்புகளை உருவாக்கியதும் அவற்றின் நேரத்தை டச் கட்டளையால் பின்னுக்குத் தள்ளுகிறேன். எதையும் மாற்றாமல் இரண்டாம் முறை கம்பைல் செய்து, நேரடி ஹிட் ஒன்று கிடைத்தே ஆக வேண்டும் என்று முதலில் உறுதிசெய்கிறேன். அதன் பிறகுதான் உள் ஹெட்டரை மாற்றி மிஸ்ஸை எதிர்பார்க்கிறேன். அதோடு, உருவான நிரலை ஓட்டி அது அச்சிடும் எண்ணையும் ஒப்பிடுகிறேன். பிசிஎச் உண்மையிலேயே பயன்பட்டதா என்பதற்கு ஜிசிசி ஆவணமே ஒரு நல்ல உத்தி சொல்கிறது: ஜிசிஎச் உருவான பிறகு, அதன் பக்கத்திலிருக்கும் ஹெட்டரின் இடத்தில் எரர் வரி ஒன்று மட்டும் கொண்ட கோப்பை வைத்துவிட்டால், பிசிஎச் தவறினால் கம்பைல் அங்கேயே நின்றுவிடும். கண்ணால் பார்க்க விரும்பினால் ஹெச் என்ற கொடி போதும். பயன்பட்ட ஜிசிஎச்சுக்கு முன்னால் ஆச்சரியக்குறியும், ஒதுக்கப்பட்டதற்கு எக்ஸ் குறியும் வரும்.

பழைய ஸ்கிரிப்டோடு ஓட்டினேன், சிவப்பு. எடுத்துவிட்டு ஓட்டினேன், பச்சை. அன்று மாலையே புதிய பதிப்பைக் கூலிமுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை பசியாறிக்கொண்டிருந்தபோது அந்த அண்ணனிடமிருந்து திரையின் படம் ஒன்று வந்தது. நிராகரிப்புக் கட்டத்தில் 17 என்று இருந்தது. ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு படம் வந்தது, அதில் 19.