உறைபனியில் பொறி பார்ப்பது

நீலகிரியில் அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் ஜனவரியில் எலி ஆய்வு என்றால் விடியும் முன்பே பொறி பார்க்கக் கிளம்பிவிட வேண்டும். ஷெர்மன் பொறி என்பது மடக்கிக் கொண்டுபோகக்கூடிய அலுமினியப் பெட்டி. உள்ளே போகும் எலி மிதித்ததும் கதவு மூடிக்கொள்ளும், காயம் படாது. ஆனால் உறைபனி இரவில் அந்தப் பெட்டிக்குள் 20 கிராம் சுண்டெலி விறைத்துப்போக அதிக நேரம் ஆகாது. அதனால் கடலையும் தேங்காயும் வைத்தோமா என்பதைவிட, ஒரு பிடி பஞ்சு வைத்தோமா என்றுதான் நான் இரண்டு தடவை பார்ப்பேன். மழை வலுத்தால் எல்லாவற்றையும் மூடிவிடுவோம்.

"எலி பிடிக்கவா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கூட வந்த வனத்துறை வாச்சர் கேட்டார். சோலை எனப்படும் மலைப் பள்ளத்தாக்குக் காட்டின் ஓரத்தில் கிளையில் கட்டியிருந்த பொறியில் அன்று நீலகிரி மர எலி இருந்தது. 1867-இல் ஜெர்டன் பெயரிட்ட இனம், இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. "இந்த விரலைப் பாருங்கண்ணே" என்று காட்டினேன். ஓரத்து விரல்களில் கூர்நகம் இல்லை, நம் நகம் மாதிரி தட்டையாக இருக்கும். மெல்லிய கிளையைப் பற்றிக்கொள்ள அதுதான் வசதி. உடம்பைவிட வால் நீளம். அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பத்தடி தள்ளிப் புல்வெளிக்குள் போனால் ஆளே வேறு. முரட்டு முடியோடு புதர் எலி, மேல் முன்பற்களில் நெடுக ஒரு பள்ளம். ஒரு காலத்தில் இலங்கைக் காபித் தோட்டக்காரர்களைப் படாதபாடு படுத்திய இனம் இது. சீகை என்கிற வாட்டில் மரமும் கற்பூர மரமும் நட்டு நீலகிரியின் புல்வெளியை எவ்வளவோ மூடிவிட்டோம். அங்கே இருந்த எலிகள் என்ன ஆயின? அதைத் தெரிந்துகொள்ளத்தான் சோலை, புல்வெளி, சீகைத்தோப்பு மூன்றிலும் பொறி வரிசை போட்டோம். புலி, யானைக்குக் கிடைக்கும் அக்கறையில் கொஞ்சமாவது இவற்றுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

பிடித்ததைத் துணிப்பையோடு ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டு எடை, அப்புறம் உடல், வால், பின்னங்கால், காது அளவு. காது மடலுக்குள் சில சமயம் செம்மஞ்சள் புள்ளிகள் கொத்தாக ஒட்டியிருக்கும். அவை சிற்றுண்ணியின் இளம்பருவம். அந்தப் பருவத்தில் மட்டுமே கடிக்கும், உண்ணிக் காய்ச்சலைப் பரப்புவதும் அப்போதுதான். கையுறை இல்லாமல் யாரையும் தொடவிடமாட்டேன்.

முதுகில் கொஞ்சம் முடி கத்தரித்து அடையாளம் வைத்து, பிடித்த இடத்திலேயே விடுவோம். வேறு இடத்தில் விட்டால் அதற்கு வளை தெரியாது. சில எலிகள் தீனி ருசி கண்டு தினமும் வரும். "நம்மாளு வந்தாச்சு சார்" என்பார் வாச்சர். பொறியில் விழுபவற்றில் எத்தனைக்கு ஏற்கெனவே அடையாளம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் மொத்த எண்ணிக்கையைக் கணிக்கிறோம், அதனால் இப்படித் தினமும் வருபவற்றைக் கணக்கில் தனியாகக் கவனிக்க வேண்டும். இல்லையென்றால் அடையாளமிட்டவையே திரும்பத் திரும்ப விழுந்து, காட்டில் இருப்பதைவிட எண்ணிக்கை குறைவாக வந்துவிடும்.