பூட்டிக் கிடந்த வளாகம்

வேலூரில் அரசு அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் பாலின வரவு செலவுத் திட்டம் பற்றிப் பேசப் போயிருந்தேன். அரசு செலவழிக்கும் பணம் பெண்களுக்கும் ஆண்களுக்கும் எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்த்துத் திட்டமிடுவதுதான் அது. ஆரம்பித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, பின்வரிசையிலிருந்து சாலைப் பணி பார்க்கும் பொறியாளர் ஒருவர் எழுந்தார். "நாங்கள் சாலை போடுகிறோம் மேடம். சாலையில் ஆண் என்ன, பெண் என்ன? இது சமூக நலத்துறைக்காரர்களுக்கான வகுப்பு அல்லவா?" என்றார். பலர் தலையசைத்தார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய இத்தனை ஆண்டுப் பணியில் எந்த மேலதிகாரியும் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டிருக்க மாட்டார்.

ஒன்றிய அரசு 2005-06 முதல் பட்ஜெட்டோடு, பெண்களுக்கு எந்தத் திட்டத்தில் எவ்வளவு என்று காட்டும் பாலின அறிக்கையையும் வைக்கிறது. முழுவதும் பெண்களுக்கான திட்டங்கள் ஒரு பகுதி. 30 முதல் 99 சதவீதம் வரை பெண்களுக்குப் போய்ச் சேருபவை இன்னொரு பகுதி. 30-க்கும் குறைந்தவற்றுக்கு 2024-25இல் மூன்றாவது பகுதியும் வந்தது. இதைச் சொல்லி முடித்ததும், "எங்கள் திட்டத்துக்கு எத்தனை சதவீதம் எழுதுவது?" என்றுதான் கேட்டார்கள். அந்தச் சதவீதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. கட்டம் இருந்தால் நிரப்பி அனுப்பிவிடுவது நம் அலுவலகங்களில் ஊறிப்போன பழக்கம். எனக்கு அது மிகுந்த வருத்தமாக இருந்தது.

ஊராட்சித் தலைவர்கள் சிலரையும் அழைத்திருந்தார்கள். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் வந்ததால், அவர்களில் பெண்கள் நிறையவே இருந்தார்கள். அணைக்கட்டு ஒன்றியத்திலிருந்து வந்த தலைவி மெதுவாகக் கேட்டார்:

"எங்கள் ஊரில் மகளிர் சுகாதார வளாகம் இருக்கிறது மேடம். மோட்டார் எரிந்துபோய் இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதுவும் எங்களுக்குச் செலவழித்த கணக்கில்தான் வருமா?"

வரும் என்றுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கழிப்பறைக் கட்டடம் எழுப்பிய பணம் முழுக்கப் பெண்கள் கணக்கு. மோட்டார், மின் கட்டணம், துப்புரவுக் கூலி எல்லாம் பொதுப் பராமரிப்பு. அந்தப் பணம் ஒவ்வோர் ஆண்டும் வேறு அவசரத்துக்குப் போய்விடுகிறது. இருட்டும்வரை காத்திருந்து ஏரிக்கரைக்குப் போகிறார்கள் பெண்கள். வேலூரின் சித்திரை வெயிலிலும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று அவர் சொன்னபோது அரங்கில் சத்தமே இல்லை.

அவர் நிறுத்தவில்லை. நகரத்துக் கடைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்கும் பெண்கள் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புகிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால்தான் பல வீடுகளில் பெண்களை வேலைக்கே அனுப்புகிறார்கள். ஆனால் பஸ் நிறுத்தத்திலிருந்து ஊர்வரை ஒரு விளக்கும் இல்லை. அண்ணனோ தம்பியோ வந்து நிற்காவிட்டால் கூட்டமாகச் சேர்ந்துதான் நடக்க வேண்டும்.

"அந்தச் சாலையில் எத்தனை பெண்கள் நடக்கிறார்கள்?" என்று கேட்டது அதே பொறியாளர். காலையிலிருந்து நான் காத்திருந்த கேள்வி அது. நாற்பது பேர் இருப்பார்கள் என்றார் தலைவி. பொறியாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு தலைவியின் பக்கத்து நாற்காலிக்கே போய் உட்கார்ந்து, நிறுத்தம் எங்கே, ஏரி எங்கே, வளாகம் எங்கே என்று கேட்டுக் கேட்டுப் படம் வரைந்தார். மதிய உணவுக்கு இருவருமே எழுந்திருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தலைவியிடம் பேசினேன். மோட்டார் பழுதுக்கு மதிப்பீடு போட்டுவிட்டார்களாம். விளக்குகள் அதில் இல்லை. பொறியாளரின் எண்ணை அவரிடம் வாங்கி அன்று மாலையே அழைத்தேன்.