ஹைபர்னேட்டுக்கு மேல் இன்னொரு லேயர் எதற்கு?

"நாளைக்கு ஹைபர்னேட்டைத் தூக்கிட்டு வேற ஒண்ணைப் போடச் சொன்னா என்னக்கா பண்ணுவீங்க?" எங்கள் டீமில் புதிதாகச் சேருபவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். (ஜாவா ஆப்ஜெக்ட்டுகளை டேட்டாபேஸ் டேபிள்களில் எழுதவும் எடுக்கவும் உதவும் கருவிதான் ஹைபர்னேட்.) கேட்ட கையோடு பில்லுக்கு ஓர் இன்டர்ஃபேஸ் (என்னென்ன மெத்தட் உண்டு என்ற பட்டியல்), அதற்குக் கீழே அதைச் செய்துகாட்டும் ஓர் இம்ப்ளிமென்டேஷன், அதற்குள் டேட்டாபேஸ் வேலைகளை வைக்கும் ஸ்பிரிங் டேட்டா ரெபாசிட்டரி என்று எழுதியும் காட்டுவார். தொழில் வேலைகளைச் செய்யும் சர்வீஸ் லேயருக்கு ஹைபர்னேட் என்ற பெயரே தெரியக்கூடாது என்பது வாதம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

ஏற்கெனவே எத்தனை அடுக்குகள் இருக்கின்றன என்று பாருங்கள். டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் மாறும் விஷயங்களை மறைக்க வந்ததுதான் ஜாவாவின் ஜேடிபிசி. அதன் மேல் 2001இல் கேவின் கிங் தொடங்கிய ஹைபர்னேட். 2006இல் ஜேபிஏ என்ற பொது வரையறை வந்தது; ஹைபர்னேட்டும் அதைப் போன்ற இன்னொரு கருவியான எக்லிப்ஸ்லிங்கும் அதற்கு அடங்கி நடக்கின்றன. அதற்கும் மேல் ஸ்பிரிங் டேட்டா. நாம் எழுதப்போவது ஐந்தாவது. முதல் நான்கையும் எழுதியவர்கள் பல வருடம் அதிலேயே உழன்றவர்கள். ஐந்தாவதை நாம் சில வாரம் ஓடும் ஒரு ஸ்பிரின்ட்டில் எழுதுகிறோம்.

பில்லிங் அப்ளிகேஷனில் எப்போதும் வரும் ஒரு திரையை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 50 பில். ஒவ்வொன்றிலும் சரக்குக்கு ஒன்றாக உள்ள வரிகளும் (லைன்கள், டாக்ஸ் அல்ல) தெரிய வேண்டும். நம் இன்டர்ஃபேஸில் இருப்பதோ "பில்களைக் கொடு" என்ற ஒரே மெத்தட். வரிகள் லேசி லோடிங்கில், அதாவது தொடும்போதுதான் எடுக்கும்படி, இருப்பதால் பில் பட்டியலுக்கு ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி), பிறகு பில்லுக்கு ஒன்று வீதம் 50, ஆக 51 குவெரி ஓடும். வரிகளையும் சேர்த்தே எடுத்து வா என்று சொல்ல அந்த இன்டர்ஃபேஸில் வழியே இல்லை. உடனே "வரிகளோடு பில்களைக் கொடு" என்று இன்னொரு மெத்தட் முளைக்கும், அடுத்த மாதம் "வரிகளோடும் வாடிக்கையாளரோடும்". எதை எப்போது லோடு செய்வது என்பது ஹைபர்னேட்டின் கவலை. அது இன்டர்ஃபேஸின் மெத்தட் பெயர்களிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அப்புறம் எதை மறைத்தோம்?

சரி, வரிகளையும் ஒரே குவெரியில் சேர்த்து எடுக்கும் ஜாயின் ஃபெட்ச் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அங்கேதான் பெரிய பள்ளம். ஒரு பில்லில் பத்து வரி இருந்தால் ஜாயின் செய்ததும் பத்து ரோவாக வரும். அதன் மேல் லிமிட் 50, அதாவது 50 ரோ போதும், என்று போட்டால் ஐந்து பில்தான் தேறும். அதனால் ஹைபர்னேட் லிமிட்டை டேட்டாபேஸுக்கு அனுப்பும் எஸ்கியூஎல்லில் சேர்க்காது. மொத்த ரோக்களையும் இழுத்து வந்து மெமரியில் பக்கம் பிரிக்கும். லாகில் ஓர் எச்சரிக்கை வரி மட்டும் விழும். டெவலப்மென்ட் மெஷினில் நூறு பில்தான் இருக்கும், ஒன்றும் தெரியாது. வருடக் கடைசியில் வாடிக்கையாளரின் சர்வர் மெமரி இல்லாமல் படுக்கும்.

தீர்வு எளிது: முதல் குவெரியில் அந்தப் பக்கத்துக்கான 50 பில் ஐடிக்களை மட்டும் எடுப்பது, இரண்டாவதில் அந்த ஐடிக்களுக்கு வரிகளோடு பில்களை எடுப்பது. 51 குவெரி இரண்டாகும். ஆனால் ஹைபர்னேட் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தவருக்குத்தான் இது தோன்றும். "உனக்கு அது தெரிய வேண்டாம்" என்று சுவர் கட்டிக் கொடுத்த டீமில் யாருக்குத் தோன்றும்?

இன்னொன்று எனக்கு இதைவிடக் கவலை தருவது. நம் இன்டர்ஃபேஸில் சேவ் என்று ஒரு மெத்தட் இருக்கும். படிப்பவர், சேவ் கூப்பிட்டால்தான் டேட்டாபேஸில் எழுதும் என்று நினைப்பார். ஹைபர்னேட் அப்படியில்லை. டிரான்ஸாக்‌ஷனுக்குள் எடுத்த என்டிட்டியில் (டேபிளின் ஒரு ரோவுக்கு ஈடான ஆப்ஜெக்ட்) எதை மாற்றினாலும், வேலை முடிந்து கமிட் ஆகும்போது அதுவே எழுதிவிடும். தள்ளுபடி போட்டால் மொத்தம் எவ்வளவு வரும் என்று காட்டுவதற்காக பில்லின் தள்ளுபடியை மாற்றிக் கணக்குப் போடுகிறார் ஒருவர். சேவ் கூப்பிடவில்லை, ஆனாலும் பில் மாறிவிட்டது. இது பணம் சம்பந்தப்பட்ட விஷயம். அந்த டிரான்ஸாக்‌ஷனை ரீட்‌ஒன்லி என்று குறித்தாலோ, என்டிட்டிக்குப் பதில் வேண்டிய விவரங்களை மட்டும் டிடிஓவாக (ஹைபர்னேட் கண்காணிக்காத வெறும் ஆப்ஜெக்ட்டாக) எடுத்தாலோ பிரச்சினை இல்லை. இரண்டுக்குமே கீழே ஹைபர்னேட் இருக்கிறது என்ற நினைப்பு வேண்டும்.

அப்படியென்றால் சர்வீஸ் கிளாஸில் நேராகக் குவெரி எழுதலாமா என்றால், அதுவும் கூடாது. நான் மறைக்கச் சொல்வது குவெரியை, கருவியை அல்ல. "கெடு தாண்டியும் பணம் வராத பில்கள்" என்று தொழில் பேசும் பெயரில் ஸ்பிரிங் டேட்டா ரெபாசிட்டரியிலேயே ஒரு மெத்தட் இருக்கட்டும். குவெரி அங்கே ஓரிடத்தில் இருக்கும், வேகமாக்க இன்டெக்ஸ் போட வேண்டுமென்றால் எங்கே பார்ப்பது என்று தெரியும். எல்லா டேபிளுக்கும் பொதுவாக ஆட், அப்டேட், டெலீட், கெட்ஆல் என்று ஒரு ஜெனரிக் இன்டர்ஃபேஸ் வைப்பதில்தான் எனக்குச் சண்டை.

விதிகள் குவிந்த பகுதி, உதாரணமாக டாக்ஸ் கணக்கு, ஜேபிஏ வாசனையே இல்லாத தனி கிளாஸாக இருந்தால் நல்லதுதான். அதற்கு விலை உண்டு: ஒரு புது ஃபீல்டு வந்தால் டேபிள், என்டிட்டி, அந்தத் தனி கிளாஸ், இடையில் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் மேப்பர் எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும். வெறும் முகவரி திருத்தும் திரைக்கு அந்த விலை கொடுக்க மாட்டேன்.

டேட்டாபேஸ் மாறினால்? ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மாறும்போது பெரும்பாலான குவெரிகளை டேட்டாபேஸுக்கு ஏற்ப எஸ்கியூஎல் எழுதும் ஹைபர்னேட்டின் டயலெக்டே பார்த்துக்கொள்ளும். கை கடிப்பது வேறு இடம். ஆரக்கிளில் காலி ஸ்ட்ரிங்கும் நல்லும் (null, மதிப்பே இல்லை என்ற குறி) ஒன்று, போஸ்ட்கிரெஸ்ஸில் இரண்டும் வேறு. ஜிஎஸ்டி எண் இல்லாத வாடிக்கையாளர்களைத் தேடும் "இஸ் நல்" குவெரி, காலி ஸ்ட்ரிங்காக ஏறிய புதுப் பதிவுகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். எந்த இன்டர்ஃபேஸும் இதைத் தடுக்காது. ரெபாசிட்டரியை மாக் செய்து, அதாவது அதற்குப் பதில் போலி ஒன்றை வைத்து, எழுதிய டெஸ்ட்டும் பிடிக்காது, ஏனென்றால் மாக் நாம் சொன்னதையே திருப்பிச் சொல்லும். டெஸ்ட்கன்டெய்னர்ஸ் என்ற லைப்ரரியை வைத்து டாக்கரில் நிஜ போஸ்ட்கிரெஸ்ஸை எழுப்பி ஓட்டிய டெஸ்ட்டில் இது மாட்டும். அதனால் அந்த ஐந்தாவது லேயருக்குச் செலவாகும் நேரத்தை இந்த டெஸ்ட்டுகளுக்குக் கேட்கிறேன்.