அப்பாவின் இரட்டைக்குழலும் அலமாரிச் சாவியும்

அப்பா 2023 அக்டோபரில் இறந்தார். அடக்கம், ஆள்வரவு என்று ஓடிக்கொண்டிருந்ததில் அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி யாருக்கும் நினைவில்லை. மூன்றாம் நாள் சித்தப்பாதான் என்னைத் தனியே கூப்பிட்டார். "மக்கா, லைசென்ஸ் உங்க அப்பன் பேர்ல உள்ளது. இனி அது வீட்ல இருக்கப்பிடாது. உடனே ஸ்டேஷன்ல ஒப்படை."

குலசேகரம் பக்கம் எங்களுக்கு ரப்பரும் கொஞ்சம் மரச்சீனியும் உண்டு. பன்றித் தொல்லைக்காக அப்பா வாங்கியது அது. ஆனால் பன்றியைச் சுட இந்த உரிமம் போதாது, வனத்துறை அனுமதி தனி. எனக்குத் தெரிந்து அவர் வானத்தைப் பார்த்து வெடித்ததோடு சரி.

1959 படைக்கலச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சித்தப்பா சொன்னதையேதான் சொல்கிறது: வைத்திருக்கும் உரிமை போய்விட்டால் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். என் பெயரில் உரிமம் இல்லாமல் அதை நான் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக முடியுமா? ஸ்டேஷனுக்கு போன் போட்டேன். ஏட்டு ஒருவர் வீட்டுக்கு வந்து ஸ்டேஷன் வரை கூடவே வந்தார். குழலின் அளவு (12 போர்), துப்பாக்கியின் எண், தோட்டா 14 என்று எழுதி ரசீது வாங்கினேன். அந்த ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்; பிறகு எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்டார்கள்.

துப்பாக்கிக்கு என் பெயரில் உரிமம் வாங்க அடுத்தது நாகர்கோவில் கலெக்டர் அலுவலகம். ஏ-1 விண்ணப்பம், வாரிசுச் சான்று, ஆட்சேபணை இல்லை என்று அம்மாவும் தங்கையும் எழுதிய கடிதம், பத்திரமாக வைத்திருப்பேன் என்று நான் கையெழுத்திட்ட எஸ்-2 உறுதிமொழி. 2016 விதிகளின்படி உரிமதாரருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு விண்ணப்பிக்கலாம். அப்பாவுக்கு 74. சொல்லியிருந்தால் "எனக்கு இன்னும் கண்ணு தெரியும்லா" என்றிருப்பார்.

பிப்ரவரியில் விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். வழக்கு உண்டா, பக்கத்து வீட்டோடு வரப்புச் சண்டை உண்டா என்ற கேள்விகள் ஐந்து நிமிடத்தில் முடிந்தன. பிறகு, "எங்க வைக்கப் போறீங்க?" படுக்கையறை ஸ்டீல் அலமாரியைக் காட்டினேன். தட்டிப் பார்த்தார். "சாவி?"

நான் வாயைத் திறக்குமுன் என் எட்டு வயது மகள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, தாத்தா படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

அவர் சிரிக்கவில்லை. நோட்டை மூடினார். "பிள்ளைக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். வேற ஏற்பாடு பண்ணுங்க. அப்புறம் வந்து பாக்கேன்."

அன்று எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம். உரிமம் என் பெயரில் என்றால் சாவியும் என்னிடம்தான் இருக்க வேண்டும், மனைவியிடம்கூட அல்ல. உரிம நிபந்தனையை மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வெல்டிங் பட்டறையில் ஒரு நீளப் பெட்டி செய்து சுவரில் போல்ட் போட்டு இறுக்கினேன். குழல், முன்கட்டை, பின்கட்டை மூன்றையும் கழற்றி அதில் வைக்கலாம். தோட்டாவுக்கு வேறு அறையில் வேறு பூட்டு. இரண்டு மழையும் பெய்கிற ஊர் இது. தரையை ஒட்டி வைக்காதீர்கள். அப்பா தேங்காய் எண்ணெய் தடவுவார், அது பிசின் மாதிரி இறுகிவிடும். துப்பாக்கிக்கென்றே விற்கும் எண்ணெய்தான் நல்லது.

மார்ச் முதல் வாரம் இன்ஸ்பெக்டர் திரும்ப வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். 16ஆம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். விளவங்கோட்டில் இடைத்தேர்தலும் சேர்ந்தே வந்தது. கோப்பு அப்படியே நின்றது. துப்பாக்கி வைத்திருந்த அக்கம்பக்கத்தார் எல்லாம் தேர்தலுக்காக ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். என்னுடையது ஏற்கனவே அங்கேதான். ஜூன் 4 முடிவு வந்து, ஜூலையில் உரிமம் கைக்கு வந்தது. இப்போது 5 வருடத்துக்குச் செல்லும், 2019 திருத்தத்துக்கு முன்பு 3 வருடம்தான். திரும்ப வாங்கும்போது குழலில் துரு. எண்ணெய் போடாமல் கொடுத்தது என் தப்பு.

அந்த ஐப்பசி மழையில் ஒருநாள் ஏட்டு சோதனைக்கு வந்தார். உரிமப் புத்தகத்து எண்ணையும் துப்பாக்கி எண்ணையும் ஒத்துப் பார்த்தார். பதினான்கு தோட்டாவையும் துணியில் பரப்பி எண்ணினார். போகும்போது அம்மாவிடம் பேச்சுவாக்கில், "சாவி எங்கம்மா இருக்கு இப்போ?" என்றார்.

"எனக்கெப்படி சார் தெரியும்? அவன் என்ட்டயே சொல்லமாட்டான்" என்றார் அம்மா, கொஞ்சம் கோபமாகவே.