கல்யாண மண்டபத்தில் எங்கே உட்காருவது?

கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்ததும் முதலில் நான் பார்ப்பது மண்டபத்தின் பெயரை. முகூர்த்த நேரம், மாப்பிள்ளை படிப்பு எல்லாம் அப்புறம். அந்த மண்டபத்தில் மாடியில் அறை உண்டா, சாப்பாட்டுக் கூடம் கீழேயா மேலேயா, வண்டி நிறுத்துகிற பக்கமாக வெளியேற ஒரு கதவு இருக்கிறதா என்று யோசித்து வைத்துக்கொள்வேன். மதுரையில் முக்கால்வாசி மண்டபங்கள் எனக்கு இந்த வகையில்தான் பழக்கம்.

சத்தம், வெளிச்சம், வாசனை, உடம்பில் படுகிற துணி, எல்லாமே எனக்குக் கூடுதலாக உறைக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வகுப்பில் பெஞ்சை இழுத்தால் பல் கூசும். கொசுவர்த்தி ஏற்றிய அறையில் தூக்கம் வராது. வீட்டில் முதலில் "பயந்தாங்கொள்ளி" என்றார்கள், வளர்ந்ததும் "ரொம்ப அலட்டிக்கிறா" என்றார்கள். காது டாக்டரிடம் பரிசோதனை செய்தும் பார்த்தாயிற்று. கேட்கும் திறனில் ஒரு குறையும் இல்லை. (உங்களுக்கு இந்தக் கூச்சம் சின்ன வயதில் இல்லாமல் திடீரென்று ஆரம்பித்திருந்தால் அவசியம் டாக்டரைப் பாருங்கள். ஒற்றைத் தலைவலி, காதுக் கோளாறு என்று வேறு காரணங்கள் இருக்கலாம்.)

அமெரிக்க உளவியலாளர் எலைன் ஆரன் 1990களில் இந்த இயல்பைப் பற்றி எழுத ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் இதை sensory processing sensitivity என்கிறார்கள், புலன்களில் படுவதெல்லாம் கூடுதலாக உறைக்கிற இயல்பு. அவரும் அவர் கணவர் ஆர்தர் ஆரனும் 1997இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் இந்தத் துறைக்கு அடித்தளம். நூற்றில் 15 முதல் 20 பேர் இப்படி இருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. பிறகு வந்த சில ஆய்வுகள் 30 வரைக்கும் சொல்கின்றன. இது நோய் அல்ல, மனநோய்ப் பட்டியல் எதிலும் இல்லை. ஏற்கெனவே தெரிந்த ஒரு குணத்துக்குத்தான் புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்று வாதாடுகிற உளவியலாளர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதத்தை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வில், மனிதருக்கு மனிதர் இதில் தெரியும் வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதிக்கு மரபணு காரணம் என்று கண்டிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. வீட்டில் விருந்தாளிகள் நிறைந்துவிட்டால் அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். யாரும் அவரை ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆம்பளை மாடிக்குப் போனால் அது காற்று வாங்குவது. பொம்பளை போனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. இதில் எனக்கு இன்னும் ஆற்றாமை இருக்கிறது.

பலர் நினைப்பது போல எனக்குச் சத்தம் பிடிக்காது என்பது சரியில்லை. நாதஸ்வரத்தைப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கேட்பேன். ஐயர் கையை உயர்த்தி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்றதும் தவில் வெடித்துக் கிளம்புகிற அந்த நிமிஷம் எனக்கு உயிர். வரப்போகிறது என்று தெரிந்து வருகிற சத்தம் அது. என்னைச் சாய்ப்பது வேறு. நாலைந்து விஷயம் ஒரே நேரத்தில் சேர்ந்து வர வேண்டும், எப்போது முடியும் என்று தெரியக்கூடாது, எழுந்து போகவும் வழி இருக்கக்கூடாது.

இந்த மூன்றும் சேருகிற இடம் கல்யாண வரவேற்பு. போன தை மாதம் நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம். வாசலில் செண்டை மேளம். உள்ளே பாட்டுக் கச்சேரி, மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர். மாப்பிள்ளையும் பொண்ணும் நடந்து வருகிற வழியில் புகை விடுகிற மெஷின். வீடியோக்காரரின் லைட் முகத்தில் அடித்துவிட்டுப் போனால் கண்ணை மூடினாலும் ஒரு பச்சைக் கட்டம் மிதக்கிறது. மல்லிகை, சென்ட், பன்னீர், பக்கத்து ஹாலிலிருந்து வருகிற தாளிப்பு வாசனை எல்லாம் ஏசிக் குளிரில் அப்படியே தேங்கி நிற்கிறது. இதற்கு நடுவே பட்டு ரவிக்கையின் ஜரிகைக் கரை கைக்கு உள்பக்கம் அறுத்துக்கொண்டே இருக்கிறது.

அப்புறம் பந்தி. உட்கார்ந்து முதல் வாய் வைப்பதற்குள் அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நிற்பார். அவர் கை நாற்காலியின் முதுகில் இருக்கும், மூச்சு என் கழுத்தில் படும். எனக்கு ஸ்பீக்கரைவிட இது கஷ்டம். இலையில் என்ன விழுகிறது என்றே தெரியாமல் விழுங்கிவிட்டு எழுந்திருப்பேன்.

நிரம்பி வழியும்போது என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்காக: முதலில் குரல்கள் பிரியாது. எதிரே நிற்கிற சித்தி வாயசைப்பது தெரியும், என்ன சொல்கிறார் என்று பிடிபடாது. "ஆமா, ஆமா" என்று சொல்லிச் சமாளிப்பேன். விரல்நுனி ஜில்லிட்டுப் போகும். அடுத்து ஒன்றுமில்லாத விஷயத்துக்குக் கோபம் வரும், பெரும்பாலும் என் வீட்டுக்காரர் மேல். அதற்கும் பிறகு அழுகை. அந்தக் கட்டத்துக்குப் போய்விட்டால் வீட்டுக்கு வந்து இருட்டு அறையில் படுத்தாலும் மறுநாள் மதியம் வரை தலை தெளியாது.

ஆகவே நான் இப்போது பார்த்துக்கொள்வதெல்லாம் மண்டபத்துக்குப் போவதற்கு முந்தைய நேரத்தை. சாயங்காலம் வரவேற்பு என்றால் அன்று காலையில் கடைவீதி கிடையாது, மிக்ஸி கிடையாது, டிவி கிடையாது. ஒரு மணி நேரமாவது ஃபேன் மட்டும் ஓடுகிற அறையில் தனியாக இருப்பேன். அன்றைக்குத் தாங்குகிற அளவில் பாதியை மண்டப வாசலைத் தொடுவதற்கு முன்னாலேயே செலவழித்துவிட்டால் எந்த யுக்தியும் உதவாது. ரவிக்கைக்கு உள்ளே மெல்லிய பருத்தித் துணியில் லைனிங் வைத்து, கைப்பக்கம் தையல் வெளியே வராமல் அடித்துத் தரச் சொல்லி டெய்லரிடம் கேட்டேன். இருபது வருஷமாக யாருக்கும் தோன்றாத இந்தச் சின்ன வேலையை அந்தம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் செய்து கொடுத்தார்.

பஞ்சைக் காதில் வைத்துக்கொள்பவர்களைப் பார்க்கிறேன். அதனால் பெரிய பலன் இல்லை. மருந்துக்கடையிலும் இணையத்திலும் கிடைக்கிற நுரை அடைப்பான்தான் வேலை செய்யும், அதுவும் சரியாகப் போட்டால். விரல்களுக்கு நடுவே உருட்டி ஊசி மாதிரி மெலிதாக்கிக்கொள்ள வேண்டும். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வைத்து, அது விரிகிறவரை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இழுக்காமல் சொருகினால் பாதி வெளியே நிற்கும், சத்தமும் குறையாது. ஒரு எச்சரிக்கை: அமைதியான நேரத்திலும் நாள் முழுக்க இதைப் போட்டுக்கொண்டே இருந்தால் காதின் கூச்சம் இன்னும் கூடிவிடும் என்று காது நிபுணர்கள் சொல்கிறார்கள். வரவேற்பில் போடுவேன், வெளியே வந்ததும் எடுத்துவிடுவேன். தலைமுடியைத் தளர்த்திப் பின்னிக் காதை மறைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் இப்போது கவலைப்படுவதில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பலன் தந்தது ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டதுதான். அந்தத் தைக் கல்யாணத்தில் பெரியம்மாவிடம் நானே போய், "தாம்பூலப் பை போடுற வேலையை எனக்குக் குடுத்துருங்க பெரியம்மா" என்றேன். மாடி அறையில் தேங்காய் மூட்டை, வெற்றிலைக் கட்டு, பாக்குப் பொட்டலம், மஞ்சள் பைகள். கதவைச் சாத்தினால் கச்சேரியில் பேஸ் மட்டும் தரை வழியாக லேசாக வரும். தேங்காயைக் குலுக்கி, தண்ணீர் ஆடுகிறதா என்று பார்த்துப் பையில் போட்டு, இரண்டு வெற்றிலை, பாக்கு வைத்து மடிப்பது. அரை மணி நேரம் அதைச் செய்துவிட்டுக் கீழே வந்தால் இன்னொரு அரை மணி நேரம் எல்லோரிடமும் நன்றாகப் பேச முடிந்தது. பொண்ணோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். பந்தியில் கடைசி வரிசை ஓரத்தில், முதுகு சுவர் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார்ந்தேன். பின்னால் யாரும் நிற்க முடியாது. அன்று பால் பாயசத்தின் ருசி தெரிந்தது.

சொந்தக்காரர்களிடம் எப்படிச் சொல்வது என்பது அடுத்த பாடு. "தலைவலி" என்றால் உடனே ஒப்புக்கொள்வார்கள், மாத்திரையோடு வருவார்கள். பல வருஷம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சிக்கல், தலைவலிக்காரியைக் கூட்டத்துக்கு நடுவே உட்கார வைத்துத் தைலம் தேய்த்துவிடுவார்கள். இப்போது நேராகவே, "எனக்கு இவ்வளவு சத்தத்துல பேசுறது விளங்க மாட்டேங்குது, வாங்க, வெளிய வராண்டாவுல நின்னு பேசுவோம்" என்கிறேன். பெரும்பாலும் வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் அங்கே ஒன்றும் கேட்டிருக்காது.

ஆடி மாதம் தெருவில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் விஷயத்திலும் பேசிப் பார்த்ததில் நன்மை உண்டு. சட்டம் தெளிவாக இருக்கிறது. ஒலி மாசு விதிகள் 2000இல் வந்தவை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, திருவிழாவுக்கு அரசு விலக்கு கொடுத்தாலும் நள்ளிரவோடு முடிக்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டு போனால் சண்டைதான் வரும். எங்கள் தெருவில் ஸ்பீக்கர் கட்டுகிற தம்பியிடம் நான் கேட்டது, "அந்தக் குழாயோட வாயை எங்க ஜன்னல் பக்கம் இல்லாம ரோட்டுப் பக்கம் திருப்பிக் கட்ட முடியுமாப்பா?" என்பதை மட்டும். குழாய் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில்தான் சத்தம் பாயும். ஏணியில் ஏறி அப்போதே திருப்பிவிட்டார். ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்க முடிந்தது.

மகனுக்கும் இந்தக் கூச்சம் இருக்கிறது. ஆகையால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மிக்ஸி போடுவதற்கு முன் "மிக்ஸி!" என்று குரல் கொடுத்துவிடுவது. அவன் காதைப் பொத்திக்கொள்வான், இல்லாவிட்டால் பால்கனிக்குப் போய்விடுவான். என்னிடம் அலட்டுகிறாய் என்று சொன்னதை அவனிடம் யாரும் சொல்ல நான் விடுவதில்லை.

அவன் கேட்டதால்தான் சித்திரைத் திருவிழாவுக்கும் ஒரு வழி தேடினேன். எங்கள் வீடு புதூரில். அழகர்மலையிலிருந்து வருகிற கள்ளழகரை மூன்றுமாவடியில் சனம் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை முடிந்து, அவர் தல்லாகுளத்துக்குப் போகிற பாதையிலேயே இருக்கிறோம். சித்ரா பௌர்ணமியன்று விடியற்காலையில் வைகையில் இறங்குகிறபோது லட்சக்கணக்கில் சனம். தோல் பையிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீர், செம்பில் நிரப்பிய சர்க்கரை மேல் எரிகிற சூடத்தின் புகை, எல்லாத் திசையிலும் கோவிந்தா. அதில் நிற்க என்னால் ஆகாது, சின்னப் பையனைக் கூட்டிக்கொண்டு போகவும் மனசு வராது. அதற்காக அழகரைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது, மதுரைக்காரியாயிற்றே. தேனூர் மண்டபம், ராமராயர் மண்டபத்துத் தசாவதாரம், பூப்பல்லக்கு எல்லாம் முடிந்து அவர் மலைக்குத் திரும்புகிற வழியில் அப்பன்திருப்பதி, கள்ளந்திரி எல்லாம் வரும். ஆற்றில் இருந்த கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான் அந்த ரோட்டில் இருக்கும். தள்ளிப்போய் நிற்கத் திறந்தவெளி இருக்கிறது. வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும், அது கணக்கு. நான்கு மடங்கு தள்ளிப்போனால் வேட்டுச் சத்தம்கூடப் பையனுக்குத் தாங்குகிறது.

போன வருஷம் பல்லக்கு எங்கள் எதிரே சற்று நேரம் நின்றது. கள்ளர் கோலத்தில் கொண்டை, கையில் வளரி என்கிற வளைந்த எறி ஆயுதம், சுத்தமாகத் தெரிந்தது. மகன் காதிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கும்பிட்டான். இதைக் கேள்விப்பட்ட பெரியம்மா முட்டி வலியோடு ஆற்றங்கரையில் இனி நிற்க முடியாது, இந்தச் சித்திரைக்குத் தானும் எங்களோடு கள்ளந்திரிக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். மடக்கு நாற்காலி ஒன்று வாங்க வேண்டும்.