அதினதின் காலத்திலே

ஜனவரி 5, 2025, ஞாயிறு

வருஷப் பிறப்பு ஆராதனையில் மகளுக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில், அந்த வருஷத்துக்கான வேதவசனமாக வந்தது எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." வாசித்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் தொட்டில் கட்டாத வீட்டுக்கு அப்படியொரு வசனம் வந்தால் யாருக்குத்தான் மனசு குளிராது?

இன்று மத்தியானம் அந்த அதிகாரத்தை முழுசாக வாசித்தேன். பத்தாம் வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களை, அங்கே எழுபது வருஷம் முடிந்த பிறகு சந்திப்பேன் என்கிறார் கர்த்தர். அதற்கு முந்திய அதிகாரத்திலோ அனனியா என்கிற கள்ளத் தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னும் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்கிறான். கேட்க எவ்வளவு இனிமை! எரேமியா சிறைப்பட்டுப் போனவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், குடியிருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பதினோராம் வசனம்.

நம் கூட்டங்களில் அனனியாவின் குரல்தான் அதிகம் கேட்கிறது. அது எனக்குப் பெரிய வருத்தம்.

மார்ச் 5, சாம்பல் புதன்

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தோம். பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர் மகளின் தலையைத் தடவி, "கர்த்தருடைய வேளை வரும் தாயி, கவலப்படாத" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். இவளும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். ஆட்டோ சமாதானபுரம் திரும்பும்வரை பேச்சே இல்லை. அப்புறம், "அம்மா, வேளை வரும்னு சொல்றவங்க யாருமே என்கூடக் கொஞ்ச நேரம் உக்காந்ததில்ல" என்றாள்.

இரவு யோவான் 11 எடுத்தேன். லாசரு வியாதியாயிருக்கிறான் என்று கேட்ட பிறகும் இயேசு இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்குகிறார். மார்த்தாள் நேரடியாகவே கேட்டுவிடுகிறாள்: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." மரியாளும் வந்து அதையேதான் சொல்லுகிறாள். இருவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் இறந்த லாசரு உயிரோடு எழுந்து வரப்போகிறான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணீர் விட்டார். வேளையைக் கையில் வைத்திருப்பவரே அழுதார் என்றால், அந்த வார்த்தையைச் சொல்லுகிற நாம் முதலில் பக்கத்தில் உட்கார்ந்து அழக் கடமைப்பட்டவர்கள். இதைச் சங்கக் கூட்டத்தில் சொல்லத்தான் போகிறேன்.

மே 31, சனி

பணி ஓய்வு. மாலை, சால்வை, கேசரி, கண்ணீர், எல்லாம் ஆயிற்று. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புத் தேர்வுவரை கூட்டிக்கொண்டு போக முடியவில்லையே என்பது மட்டும் உறுத்துகிறது.

தமிழாசிரியை என்பதால் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு நினைவுக்கு வந்தார். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியவர், 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரைதான் மொழிபெயர்க்க முடிந்தது. 1719இல் இறக்கும்போது வயது 36. மீதியை முடித்தவர் பின்னால் வந்த பெஞ்சமின் சூல்ட்சே. சங்கீதப் புத்தகத்தைத் தமிழில் வாசிக்க வேண்டும் என்று சீகன்பால்கு எவ்வளவு ஏங்கியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஜூலை 12, சனி

டோனாவூர் போய் வந்தேன். ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கல்லறையில் வழக்கமான கல்வெட்டு கிடையாது. மரத்தடியில் பறவைகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டி, அதில் அம்மா என்று பொருள்படும் பெயர் மட்டும். 1901இல் அங்கே வந்து, கோவில்களுக்கு விடப்பட்ட பெண் குழந்தைகளை வளர்த்தவர். ஓடியாடிக் கொண்டிருந்தவர் 1931இல் விழுந்தார். சுகமாகி எழுந்து நடப்பார் என்று எத்தனையோ பேர் ஜெபித்தார்கள். 1951 ஜனவரி 18இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், அறையும் கட்டிலும்தான். அந்தக் கட்டிலிலிருந்துதான் பல புத்தகங்களை எழுதினார். புத்தகங்கள் வந்ததால் அந்த வலி சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். வலி வலிதான். ஆண்டவர் அந்த அறையைவிட்டுப் போகவில்லை, அவ்வளவு சொல்ல எனக்குத் தைரியம் உண்டு.

வீட்டுக்கு வந்து அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகில் பவுடர் போட்டேன். படுக்கைப் புண் வராமலிருக்க ராத்திரியிலும் எழுந்து திருப்பிவிட வேண்டும். வேலையில் இருந்திருந்தால் இதை யாரிடமாவது ஒப்படைத்திருப்பேன். டோனாவூரைப் பற்றிச் சொன்னதும் அம்மா, "தென்னைய வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனைய வச்சவன் பாத்துட்டுச் சாவான். எங்கய்யா பனங்கொட்ட போட்டுட்டேதான் இருந்தாவ, ஏட்டி" என்றாள். மெய்ஞ்ஞானபுரத்துத் தேரி மண்ணில் தாத்தா ஊன்றிய வடலிகள் இன்றைக்கு நெடுநெடுவென்று நிற்கின்றன. அவற்றின் பதநீரை அவர் குடித்ததில்லை, நான் குடித்திருக்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஊரில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து ஏலம்: பூசணி, வாழைத்தார், காலில் சணல் கட்டிய சேவல். ஒரு பாட்டி காணிக்கையாக வைத்த நான்கு கத்தரிக்காயை மருமகன் ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்தார். மழை பொய்த்த வருஷத்திலும் இந்தப் பண்டிகையை எங்கள் ஊர் நிறுத்தியதில்லை. அசனச் சாப்பாட்டில் கறி நன்றாக வெந்திருந்தது.

அக்டோபர் 19, ஞாயிறு

தீபாவளி விடுமுறை. மகளும் மருமகனும் வந்து, குழந்தையைத் தத்தெடுக்க மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிந்துவிட்டதாகச் சொன்னார்கள். சிகிச்சையை நிறுத்திவிட்டார்களாம். "ஆண்டவர் சொன்னாராம்மானு கேக்காதீங்க. ஜெபிச்சோம், பேசினோம், சமாதானம் இருந்துச்சு, பதிஞ்சோம்" என்றாள். நான் கேட்கவே இல்லை, கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

நம் நாட்டில் கிறிஸ்தவர்களுக்குத் தத்தெடுப்புக்கென்று தனிச் சட்டம் இருந்ததில்லை. 1890ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்தின்கீழ் காப்பாளராக மட்டுமே இருக்க முடிந்தது. குழந்தை சட்டப்படி மகனோ மகளோ ஆகவில்லை. 2000இல் வந்த இளைஞர் நீதிச் சட்டமும் 2006இல் அதற்கு வந்த திருத்தமும்தான் கதவைத் திறந்தன. பிள்ளையில்லாத என் பெரியம்மாவுக்கு இந்தக் கதவு கிடைக்கவில்லை. அவள் ஜெபம் இவள் ஜெபத்தைவிடக் குறைந்ததா என்ன? இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆண்டவரிடம் தினமும் கேட்கிறேன், கேட்டுக்கொண்டே அவரை நம்புகிறேன்.

டிசம்பர் 7, ஆகமன காலத்தின் இரண்டாம் ஞாயிறு

வியாழனன்று வீட்டு ஆய்வுக்குச் சமூகப் பணியாளர் வந்தார். சின்னப் பெண். சமையலறை, மாடிப்படி, வருமானச் சான்று எல்லாம் பார்த்துவிட்டு என்னிடம், "பாட்டி, குழந்தை வர வருஷக்கணக்காகலாம், தெரியுமில்லையா?" என்றார். தெரியும் என்றேன். ஆய்வறிக்கை மூன்று வருஷம் செல்லுமாம்; அதற்குள் அழைப்பு வராவிட்டால் புதுப்பிக்க வேண்டுமாம்.

மகள் காலண்டரில் எதையும் குறித்துவைக்கவில்லை. ஜனவரியில் தையல் வகுப்பில் சேருகிறாள். பரிந்துரைக் கடிதம் இரண்டு கேட்டார்கள். ஒன்றை எங்கள் பழைய தலைமையாசிரியை எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னொன்றுக்கு, வீடுவீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்குவதற்கு முன்னால் குருவானவரைப் போய்ப் பார்க்க வேண்டும். தொடங்கிவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது.